காரியாபட்டிக்குப் போய் வந்த எச்.டி. கேமரா

திருத்தங்கல்,
18.11.2008

அன்புள்ள மச்சான் இக்பாலுக்கு, அக்கா மாப்பிள்ளை உதுமான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உன் அக்கா ஆசியா பீவியும் மகள் தஹ்மீனாவும் அல்லாஹ் கிருபையால் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. சார்ஜாவில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராதிருக்க துஆ செய்கிறேன். போனில் சொல்லியிருப்பேன். உன் அக்கா பாதியிலேயே ரிசீவரைப் பிடுங்கிவிடுவதால், ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல எனக்குக் கடிதம்தான் தோது.

பெருநாளுக்கு ஊர் வந்தவரிடம் நீ கொடுத்தனுப்பிய எச்.டி. கேமரா பத்திரமாக வந்தது. கூட வந்த புத்தகத்தை தஹ்மீனா மூன்று நாள் சோறு தண்ணி மறந்து படித்து, எங்களைப் படம் பிடித்தாள். நம் பழைய டிவியில் போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை, நடுவில் நாங்கள் ஒடுங்கி நிற்கிறோம். கம்ப்யூட்டரில் ஏற்றினால், அஞ்சு நிமிசப் படத்தை அது காலையில் முழுங்க ஆரம்பித்து சாயங்காலம் அசர் தொழுகை நேரத்தில்தான் முடித்தது. அதை டிவிடியில் போட்டால் மறுபடி மங்கல். இம்புட்டு நல்ல கேமராவில் எடுத்து இப்படிப் பார்க்கவா என்று பிள்ளைக்கு ஒரே அழுகை.

இந்த நேரத்தில்தான் நீ சொன்ன காரியாபட்டி சம்பந்தம் வந்தது. உன் கம்பெனிப் பையன் அசாருதீனின் தாயார் ஹாஃபிஸா பீவி, போட்டோவில் எல்லாப் பொண்ணும் ஒண்ணு போலத்தான் இருக்கு, வீடு வாசலோட வீடியோ எடுத்துக் கொண்டாங்க, மகன் வாங்கி வச்ச பெரிய எல்.சி.டி. டிவி இங்கன இருக்கு என்று சொல்லிவிட்டார். தஹ்மீனா கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஓடிப்போய்த் தானே எதிரில் உட்கார்ந்து எடுத்தாள். நான் கேமராவைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு விருதுநகரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். போன உடனே ஒரு தட்டு லட்டு வைத்தார்கள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் வேண்டாம் என்றா சொல்வது? ரெண்டு சாப்பிட்டேன்.

ஒயரை மாட்டினார்கள். சுவர் அகலத்துக்கு முதலில் வந்தது என் மூஞ்சி. அதில் இத்தனை குழி இருக்குன்னு அம்பத்தாறு வருசத்துல அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். அடுத்து தஹ்மீனா. நல்லாத்தான் இருந்தா, அவுகளும் நல்லாருக்குன்னாக. அப்புறம் அந்தம்மா படத்தை நிறுத்தச் சொல்லிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு டிவிகிட்டப் போனாக. புள்ளைக்குப் பின்னால அலமாரியில இருந்த மாத்திரைப் பாட்டிலு பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சாக. மச்சான், நான் பட்டாசுப் பெட்டி லேபிள் வியாபாரம் பண்ணுறவன். எழுத்து தெளிவா விழலைன்னு பிரஸ்காரங்களோட எம்புட்டு சண்டை போட்டிருப்பேன். இது ஏன் இம்புட்டு தெளிவா விழுந்துச்சுன்னு யார்கிட்டப் போய்ச் சண்டை போட?

"பொண்ணுக்குச் சக்கரையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, அது எனக்கு" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். "உங்களுக்கா? இப்பத்தான ரெண்டு லட்டு சாப்பிட்டீக?"

மரியாதைக்குச் சாப்பிட்டேன்னு சொன்னா லட்டு நல்லால்லைன்னு ஆயிரும். ஆசைக்குச் சாப்பிட்டேன்னு சொன்னா மாத்திரை என்னோடது இல்லைன்னு ஆயிரும். பேசாம உக்காந்துட்டேன். அதுதான் தப்பாப் போச்சு. கலந்து பேசிட்டுச் சொல்றோம்னு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாக.

வீட்டுக்கு வந்து சொன்னால், உன் அக்கா சம்பந்தத்தை விட்டுவிட்டு லட்டைப் பிடித்துக்கொண்டாள், இன்னும் விடவில்லை. தஹ்மீனா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பாட்டில் பேரை நெசமாவே படிச்சாகளா என்று. ஆமாம் என்றேன். "அப்ப போகஸ் சரியாத்தான் விழுந்திருக்கு அத்தா" என்றாள். ஒரு சம்பந்தம் தட்டிப்போன வீட்டில் அந்தப் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். திட்டவும் வாய் வரவில்லை, சிரிக்கவும் தெம்பில்லை.

ஆகையால் மச்சான், சக்கரை எனக்குத்தான் என்று அசாருதீனிடம் நீயே எடுத்துச் சொல். என் பெயர் போட்ட டாக்டர் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது கேமராவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடு. எங்கள் வீடு இம்புட்டு தெளிவாகத் தெரியத் தேவையில்லை. உன் சம்பாத்தியத்தில் பரக்கத்தும் உன் வீட்டார் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உதுமான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஹாஃபிஸா பீவியே போன் செய்தார். சம்பந்தம் பற்றி அல்ல. ஜனவரியில் அவர் மகளுக்கு நிக்காஹ்வாம். பொம்பளைக பக்கம் வீடியோக்காரரை விட முடியாது, உங்க மக வந்து எடுப்பாளா, அதே தெளிவு வேணும் என்றார். தஹ்மீனா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சரி என்றுவிட்டாள். போன இடத்தில் நம்ம பேச்சையும் மெதுவாக எடுக்கலாமே என்றேன். "மாப்பிள்ளை இப்ப வேணாம் அத்தா. மாமாகிட்ட இன்னொரு பேட்டரி கேளுங்க" என்கிறாள். எனவே அசாருதீனிடம் எதுவும் பேசாதே. கேமரா இங்கேயே இருக்கட்டும். மேலே உள்ளதை அடித்துவிட்டுத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பேட்டரியை மட்டும் படித்துக்கொள்.