சோதனை வயல் குறித்து மாமனாரின் உண்மை அறிக்கை

என்றும் என் அன்புக்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். நெற்பயிரும் சுகம். அது சுகமாக இருப்பதுதான் இப்போது சிக்கல்.

இந்தச் சோதனை தேறினால்தான் ஆராய்ச்சி நிலையத்தில் உங்கள் வேலை நிரந்தரமாகும் என்று மகள் சொல்லியிருந்தாள். அதனால் நான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் சொன்னபடியே வரப்புக்குக் கிழக்கே சிலிக்கான் உரம், மேற்கே ஒன்றும் கிடையாது. அந்தச் சத்தை உறிஞ்சிய பயிர் மணல்போல் நெறுநெறுக்கும், தண்டைக் கடித்துக் கதிரை வெளுக்க வைக்கிற புழுவுக்குப் பல் தேயும் என்றீர்கள். முப்பது வருடம் நிலம் அளந்தவன் நான், பார்க்காமல் நம்புவேனா? ஒரு புழுவைப் பிடித்துத் தட்டில் வைத்துப் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தேன். அது வாயைத் திறக்கவே இல்லை. "பல் டாக்டராகறதுக்கு இந்த வயசுதான் கெடச்சுதா?" என்று உங்கள் அத்தை தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். சரி, அத விடுங்க. நேற்று காலையில் வயலில் இறங்கி எண்ணினேன். நூறு கதிருக்குக் கிழக்கே மூன்று வெளுத்திருக்கிறது. மேற்கேயும் அதே மூன்று. அப்போது பக்கத்து வயல்காரர் வந்து, "என் வயல்ல புழு விழுந்து பாதி பதராப் போச்சு. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே?" என்று அழாத குறையாகக் கேட்டார். எல்லாம் கைராசிதான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

உங்கள் அதிகாரி அனுப்பிய படிவத்தில், 'உரம் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் இல்லை' என்று எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். மாப்பிள்ளைக்காகக்கூடப் பொய் எழுத மனசு வரல. அதற்காக ராத்திரி சாப்பாடும் இறங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வருத்தத்துடன் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உங்கள் அத்தை வந்து நிற்கிறாள். "ஒரு பக்கத்துக்குப் போட்டுட்டு ஒரு பக்கத்தப் பட்டினி போடறதுக்கு எனக்கு மனசு வரலைங்க. ரெண்டும் நம்ம பயிர்தானே? நீங்க அந்தண்ட திரும்பறப்பல்லாம் மேற்கயும் அள்ளிப் போட்டுட்டேன்" என்கிறாள். இப்போதே இருவரும் பஸ் ஏறுகிறோம். அதிகாரியிடம் அவள் குற்றத்தை ஒப்புக்கொள்வாள், நான் அறிக்கையைத் திரும்பப் பெறுவேன். கடிதமும் கையோடு வருகிறது. உங்கள் உரம் வேலை செய்கிறது மாப்பிள்ளை. மேலே எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள், பின்குறிப்பை மட்டும் படித்தால் போதும்.