நானூறு தையல்

இந்தத் தடவை என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தை முழுசாக முடித்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். சிரிக்காதீர்கள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் எடுத்த சபதங்களிலேயே இதுதான் அதிக நாள் தாங்கியது. பதினாலு மாதம்.

காரியம் என்னவென்று சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். போர்வை. ஒட்டுத்துணிப் போர்வை. என் மகள் குழந்தையிலிருந்து போட்டுக் கழித்த கவுன், பள்ளிச் சட்டை, இரவு உடுப்பு எல்லாவற்றையும் கைக்குட்டை அளவு சதுரமாக வெட்டி, எட்டுக்கு எட்டு என்று சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சைப் பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்தால் போர்வை. மொத்தம் அறுபத்துநாலு சதுரம். மகள் வெளியூருக்குப் படிக்கப் போகிறாள். கிளம்பும்போது, "இந்தாம்மா, அப்பா தைத்தது" என்று கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இதற்கெல்லாம் காரணம் மூன்றாம் வகுப்பில் அவள் எழுதிய ஒரு கட்டுரை. "எங்கள் வீட்டில் அம்மா சமைப்பார், வேலைக்குப் போவார், பாடம் சொல்லித் தருவார், என் சைக்கிள் செயினை மாட்டுவார். எங்கள் வீட்டில் அப்பாவும் இருக்கிறார்." அதன் ஓரத்தில் டீச்சர் 'மிக நன்று' என்று வேறு போட்டிருந்தார். ஒரே ஒரு 'உம்' போட்டு என் கதையை முடித்துவிட்டாள் குழந்தை. அந்த 'அப்பாவும்' இத்தனை வருஷமாக மனசில் தைத்துக்கொண்டே இருக்கிறது.

எனக்குத் தைக்கத் தெரியும். பார்சல் ஆபீஸில் கிழிந்து வரும் மூட்டைகளுக்கு ஒட்டுப் போடுவதுதான் என் வேலை. சாக்கு தைத்த கைக்குக் கவுன் துணி பூ மாதிரி இருந்தது. நேரம்தான் இல்லை. வீட்டில் நான் உட்கார்ந்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும்.

"என்னங்க, சும்மாதானே இருக்கீங்க?"

"இல்ல, யோசிச்சிட்டு இருக்கேன்."

"அதைக் காய் நறுக்கிக்கிட்டே யோசிங்க."

ஆகவே ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில், மூட்டைகளுக்குப் பின்னால் சம்மணம் போட்டு, இருபது நிமிஷம். அதில் பத்து நிமிஷம் ஊசியில் நூல் கோர்க்கவே போய்விடும். பதினாலு மாதத்தில் ஒன்றரை வரிசை ஆயிற்று. பன்னிரண்டு சதுரம். மாதத்துக்கு ஒன்றுகூட முழுசாக இல்லை. மகள் கிளம்ப ஒன்பது நாள்தான் இருந்தது. மீதி ஐம்பத்திரண்டு சதுரத்தையும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரம் வேண்டும், சாமி! மணிக்கணக்கில் வேண்டும். யாரும் கூப்பிடாத, யாரும் எதுவும் கேட்காத நேரம்.

அந்த வெள்ளிக்கிழமை துணிந்து மானேஜர் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் டிக்டிக் என்று நாள் முழுக்கக் குத்திக் காட்டுவார். சம்மணம் போட்டு உட்கார்ந்து என் இடது கால் மரத்துப் போயிருந்தது. நொண்டிக்கொண்டேதான் போனேன். விரலில் ஊசி குத்தி, அதைப் பேண்டிலேயே துடைத்ததால் தொடையில் ரத்தக் கறை.

"சார், ஒரு வாரம் லீவு வேணும்."

"எதுக்கு?" கடிகாரம் தலையைத் தூக்கவில்லை.

"தையல் போடணும் சார்."

தலையைத் தூக்கினார். நொண்டலைப் பார்த்தார். கறையைப் பார்த்தார்.

"ஐயையோ! எத்தனை தையல்யா?"

"இந்த வரிசைக்கே நானூறு வரும் சார்."

"நானூறா! வரிசையா!"

"இன்னும் ஆறரை வரிசை இருக்கு சார்."

"அடக் கடவுளே! மரத்துப் போக ஏதாவது குடுத்தாங்களா?"

"ஏற்கெனவே மரத்துத்தான் சார் போச்சு."

"எந்த டாக்டர் போடறாரு?"

"டாக்டர் எதுக்கு சார்? நானே போட்டுக்குவேன். ஊசி பாக்கெட்லயே இருக்கு."

எடுத்துக் காட்டினேன். அவசரத்தில் கையில் வந்தது சாக்கு தைக்கும் கோணி ஊசி. ஒரு சாண் நீளம். கடிகாரம் நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. வாயைத் திறந்து, "அது இல்ல சார், போர்வை" என்று சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷனாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் கடிகாரம் அவசர அவசரமாக லீவு சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரம்! முழுசாக ஒரு வாரம்! வாயை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நன்றாக நொண்டினேன்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் வேலையாக இருந்தாள். மகள், என் தம்பி வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். அடுத்த சனிக்கிழமைதான் வருவாள். மத்தியான வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. சதுரங்களைத் தரையில் பரப்பினேன். மஞ்சள் கவுன், நீலக் கோடு போட்ட சட்டை, மருதாணிப் பச்சை ஒன்று. அவள் தவழ்ந்தது, ஓடியது, பல் விழுந்து அழுதது எல்லாம் வரிசையாகக் கிடந்தன. காலை நீட்டி உட்கார்ந்து நூல் கோர்த்தேன். முதல் தடவையே நுழைந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் இருபத்தைந்து நிமிஷம்.

கதவு படாரென்று திறந்தது. கை நிறைய பேண்டேஜ் உருளைகளோடு என் மனைவி, மூச்சிரைக்க.

"என்னங்க! எங்க அடி? உங்க மானேஜர் கிளினிக்குக்குப் போன் பண்ணாரு. நானூறு தையலாம்! உங்க கையாலயே போட்டுக்கறேன்னு கிளம்பிட்டீங்களாம்! எங்க? காட்டுங்க!"

நான் போர்வையைத் தூக்கிக் காட்டினேன். வேறு என்ன செய்ய?

உருளைகளைக் கீழே போட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் சதுரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இது அவ முதல் நாள் ஸ்கூலுக்குப் போட்டது."

"ஆமா."

"இதைக் காணோம்னு எவ்வளவு தேடினேன்."

"தெரியும். நானும்தான் உன்கூடச் சேர்ந்து தேடினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரை, 'உம்', பதினாலு மாதம், எல்லாம். கேட்டுக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். இருபது வருஷத்தில் முதல் வெற்றி. அப்போதுதான் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"காலை நீட்டுங்க."

"எதுக்கு?"

"உங்க மானேஜர் சாயந்திரம் உங்களைப் பார்க்க வர்றாரு. நாலு பேரோட. பொய்னு தெரிஞ்சா வேலை போயிடும். நீட்டுங்க."

கிளினிக்கில் வேலை செய்பவளின் கை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றோ சுற்று என்று சுற்றினாள்.

"இவ்வளவு சுத்தினா நான் எப்படி உக்காந்து தைக்கிறது?"

"உங்களை யாரு தைக்கச் சொன்னது? படுங்க."

"ஐயோ, அப்ப போர்வை?"

"நான் தைக்கிறேன்."

"உனக்கு ஏது நேரம்?"

"டாக்டர் எனக்கும் ஒரு வாரம் லீவு குடுத்துட்டாரு. 'நானூறு தையலா! போங்கம்மா, வீட்டுக்காரரைப் பக்கத்துல இருந்து பாத்துக்குங்க'ன்னாரு."

எழுந்து போய், மூலையில் இருந்த துணிக் குவியலை அள்ளினாள். குவியலுக்கு அடியில் தையல் மெஷின் இருந்தது. சத்தியமாக, அது அங்கே இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. குவியலைக் கட்டிலில், என் கட்டுப் போட்ட கால் மேலேயே கொட்டினாள். முக்கால்வாசி என் சட்டைகள்.

"எட்டு வருஷமா இந்த மெஷின் முன்னாடி உக்கார ஒரு மணி நேரம் கிடைக்குமான்னு ஏங்கிட்டிருக்கேன்," என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. "உங்களுக்கு மட்டும்தான் ஆசை இருக்குமா?"

சட்டைகளை மடிக்க ஆரம்பித்தேன்.

சாயந்திரம் கடிகாரம் பழப் பையோடும் ஆபீஸ் ஆட்கள் நாலு பேரோடும் வந்தது. என் காலைப் பார்த்ததும் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தது.

"எத்தனை போட்டாச்சும்மா?"

"இன்னிக்கு அறுபதுதான் சார் முடிஞ்சுது. நாளைக்கு உக்காந்தா வேகமாப் போட்டுடுவேன்."

"நீங்களா போடறீங்க!"

"பழக்கம்தான் சார். இவருக்குக் கை நடுங்கும். கோணல்மாணலாப் போட்டு வச்சிருக்காரு."

கடிகாரம் மெஷினைப் பார்த்தது. "இது என்னம்மா?"

"மகளுக்குப் போர்வை சார். இவரு இப்படிப் படுத்துட்டாரு. மனசு கலங்காம இருக்க எதையாவது தைக்கிறேன்."

"யோவ்," என்று என் தோளைத் தட்டியது கடிகாரம். "இப்படி ஒரு மனைவி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்யா."

அந்த ஏழு நாளும் நான் படுத்திருந்தேன். வாசல் மணி அடிக்காத நேரத்தில் எழுந்து சமைத்தேன், பாத்திரம் தேய்த்தேன். மணி அடித்தால் கரண்டியோடு கட்டிலுக்கு ஓடினேன். அவள் தைத்தாள். ஜன்னல் பக்கம் முகம், காலடியில் துணி, உதட்டில் ஏதோ ஒரு ராகம். அவள் முணுமுணுத்துக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! கேட்கக் கேட்க நன்றாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

"ஒரே ஒரு வரிசை குடேன். படுத்துக்கிட்டே தைக்கிறேன்."

"தையல் பிரிஞ்சிடும். அசையாதீங்க."

"நான் தச்ச ஒன்றரை வரிசையையாவது விட்டு வச்சிருக்கியா?"

"பிரிச்சு மெஷின்ல போட்டா நேரா இருக்கும்."

"தொட்டே, நடக்கறதே வேற!"

நான் அவளிடம் இப்படிக் குரலை உயர்த்தியதே கிடையாது. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிரிக்காமல் அப்படியே சேர்த்துத் தைத்தாள்.

"பொண்ணுகிட்டயாவது உண்மையைச் சொல்லிடலாமா?" என்றேன்.

"உங்க மானேஜர் பொண்ணும் அவளும் ஒரே ஹாஸ்டல், ஒரே ரூம். நம்ம பொண்ணு வாயில ரகசியம் அரை நாள் நிக்குமா?"

நிற்காது. என் ரத்தம் அது.

சனிக்கிழமை மகள் வந்தாள். என் காலைப் பார்த்து ஓவென்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பெண்களையும் கொண்டுபோய் விட வண்டியோடு கடிகாரமே வந்துவிட்டது. மனைவி போர்வையைக் கொண்டுவந்து நீட்டினாள். மகள் விரித்தாள். கூடம் முழுக்க அவள் குழந்தைப் பருவம் விரிந்தது. மஞ்சள் சதுரத்தை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"யாரு..." என்று ஆரம்பித்தாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்ட மாதிரிதான் இருந்தது. அதற்குள் கடிகாரம் முந்திக்கொண்டது.

"எல்லாம் உங்கம்மா கைம்மா! உங்கப்பாவைப் பாத்துக்கிட்டே தச்சாங்க. நான் என் கண்ணால பார்த்தேன்."

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து, "வலிக்குதாப்பா?" என்றாள். "வலிக்குதும்மா," என்றேன். இருபது வருஷத்தில் நான் சொன்ன சுத்தமான உண்மை அது. வண்டி போகும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒற்றைக் காலில்.

நேற்று ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள்.

"போர்வை எப்படிம்மா இருக்கு?" என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தேன்.

"சூப்பர்ப்பா! ஆனா ஒரு ஓரம் மட்டும் கையால தச்சிருக்கு. ஒரே கோணல்."

"அப்படியா?" என்றேன்.

"தினமும் அந்த ஓரத்தைத்தான் கன்னத்துல வச்சுக்கிட்டுத் தூங்கறேன். ரொம்பப் பிடிச்சிருக்குப்பா."

"ஏம்மா?"

"உங்களுக்கு அடிபட்டதை நினைச்சு அழுதுக்கிட்டே தச்சிருக்காங்க போல. அதான் அம்மாவுக்கு அங்க மட்டும் கை நடுங்கியிருக்கு. பாவம்ல?"

போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாம்மா," என்றேன். "உங்கம்மா பாவம்தான்."