தாய்மாமன் இல்லாத ஊரில் முட்டைக்கோஸ்

அனுப்புநர்:
சு. ராஜமணி,
வேளாண்மை உதவி அலுவலர் (ஓய்வு),
ஜெயமங்கலம்.

பெறுநர்:
திரு. ஒச்சாண்டி அவர்கள்,
(என் மனைவி மகாலட்சுமியின் உடன்பிறந்த தம்பி),
குச்சனூர்.

பொருள்: கணினி விளையாட்டு – பயிர்ச் சேதம் – தாய்மாமன் மாலை – தொடர்பாக.

பார்வை: எனது பணி நிறைவு விழா மேடையில் தாங்கள் நேரில் வழங்கிய முட்டைக்கோஸ் ஒன்று.

ஐயா,

வணக்கம். இங்கு நான், மகாலட்சுமி, மகள் அனுசுயா மூவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியார் தேவயானியும் மாடு கன்றுகளும் நலமாக இருக்க சனீஸ்வரர் அருள் புரிவாராக. அவர் தங்கள் ஊர்க்காரர் என்பதால் தாங்களே நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளவும். மூன்று வருடமாகத் தங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால், இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டியதாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். அனுசுயா வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பது தாங்கள் அறிந்ததே. வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவாள். என்னத்தா இது என்று கேட்டேன். "எழுநூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரக ஊர்ல நடக்குறதுப்பா. ஒத்தையாளா வந்து, மரம் வெட்டி, வீடு கட்டி, வெள்ளாமை பண்ணி, கல்யாணம் முடிச்சு, பிள்ளை பெத்து, ஆள் சேத்து, ஒரு கிராமத்தையே உண்டாக்கணும்" என்றாள். இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. "ரிட்டையர் ஆனதுல இருந்து மோட்டுவளையத்தான பாத்துக்கிட்டு இருக்கீக, நீங்க ஆடுங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். முப்பத்துநான்கு வருடம் ஊருக்கெல்லாம் விவசாயம் சொல்லிக் கொடுத்தவனுக்கு இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த முதல் நாளே தலைவலி. ஒரு பெரிய மனிதர் வந்து, இந்த இடத்தை எடுத்துக்கொள், வீடு கட்டிக்கொள் என்கிறார், பட்டா எங்கே, சிட்டா எங்கே என்று கேட்க ஒரு பொத்தானும் இல்லை, சரி கிடக்கட்டும் என்று வாசலைக் கிழக்கே வைத்து, அடுப்பை அக்னி மூலையில் போட்டு வீட்டை முடித்தால் கறிக்குப் போட வெங்காயம் இல்லை, பக்கத்துத் தோட்டத்தில்தான் நிற்கிறதே என்று நாலு வெங்காயம் பிடுங்கினேன், நாமெல்லாம் பக்கத்து வீட்டில் கருவேப்பிலை ஒடிக்கிற மாதிரிதானே, உடனே திரையில் 'திருட்டு' என்று சிவப்பில் எழுதி ஊர் முழுக்க என் பேரைக் கெடுத்துவிட்டார்கள். அந்த அவமானத்தில் காட்டுப் பக்கம் போனால் காட்டுப்பன்றி துரத்துகிறது. வனத்துறைக்கு மனு எழுத வழி இருக்கிறதா என்று நான் தேடி முடிப்பதற்குள் அது என்னைக் கொன்றுவிட்டது. "அப்பா, ஈட்டி கையிலதான இருந்துச்சு, குத்த வேண்டியதுதான?" என்கிறாள் அனுசுயா. மனு கொடுக்காமல் எப்படி அம்மா குத்துவது?

மறுபடி உயிரோடு எழுந்து, ஊருக்கு முதல் குடியானவனைச் சேர்த்தேன். அவனுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்றார்கள். என்ன வைப்பது என்று ரொம்ப நேரம் யோசித்து 'ஒச்சாண்டி' என்று அடித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை தெரிந்த ஆள் என்று நினைத்ததும் வேறு பெயர் வரவில்லை. அங்கே உங்களுக்குச் செம்பட்டைத் தாடி. நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் எனக்குக் கல்யாணமும் முடித்து வைத்தார்கள். இதைப் பார்த்து உங்க அக்கா கோபிப்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, "பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் இருக்கானா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அண்ணன் தம்பி இல்லாத வீட்டுல ஏன் பொண்ணு எடுத்தீக? நாளைக்கு உங்களுக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை பொறந்தா மாமன் மாலைய யாரு போடுவா, அந்தப் பன்னியா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகுதான் அந்த முட்டைக்கோஸ். அந்த ஊரில் முதல் பயிரே அதுதான், என் தலையெழுத்து. விதைக்கச் சொல்லி வசந்த காலத்திலேயே அறிவிப்பு வந்தது. நம் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் அணையைத் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதானே நாற்றுப் பாவுவோம்? நானும் தண்ணீர் திறக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வசந்தம் போனது, கோடை போனது, அணையையும் காணோம், மதகையும் காணோம். உங்களைத் தோட்டத்தில் விட்டால் நீங்களாகவே மண்வெட்டியை எடுக்கிறீர்கள். நான்தான் பொறு பொறு என்று நிறுத்தி நிறுத்தி விறகு வெட்ட அனுப்பினேன். கடைசியில் இலை உதிரும்போது விதைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் பனி. மார்கழியில் மஃப்ளர் கட்டுகிற பனி இல்லை மாப்ளே, ஊரே சுண்ணாம்பு அடித்த மாதிரி பனி. அத்தனை கோஸும் கருகிப்போச்சு. உங்க தலைக்கு மேல 'பசி' என்று ஒரு குறி. அப்புறம் 'வருத்தம்' என்று ஒரு குறி. அதற்கும் மேல் என் மீது நம்பிக்கை இல்லை என்று ஒரு குறி. கடைசியில் ஒரே வரி: ஒச்சாண்டி கிராமத்தை விட்டு வெளியேறினார்.

நீ மூட்டையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பனியில நடக்குற. நான் பின்னாலயே ஓடுறேன். "ஏலே ஒச்சாண்டி, நில்லுடா, போகாதடா!" என்று நான் கத்தியதில் எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். நீ திரும்பியே பார்க்கல.

உங்க அக்கா எனக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. "அந்த ஊர்லயாச்சும் நீங்க கட்டுன பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. எனக்கு இருந்தும் இல்லையில்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னா. அன்னிக்குச் சோறு இறங்கல மாப்ளே.

சொல்லிப்புடறேன். சித்திரை வெயிலில் குச்சனூர் மண்ணில் உன்னை முட்டைக்கோஸ் போடச் சொன்னது என் தப்பு. வெயில் தாங்கும் ரகம் என்று நோட்டீசில் போட்டிருந்ததை நம்பிச் சொன்னேன். நீ எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்றைப் பொன்னாடையில் சுற்றி மேடையில் என் கையில் கொடுத்து, "மாமா நாற்காலியிலயே வெவசாயம் பாத்தாக, அதான் நாற்காலிக்குத் தக்கன வெளைஞ்சிருக்கு" என்று மைக்கில் சொன்னாய். மேலதிகாரி முதல் டிரைவர் வரைக்கும் சிரித்தார்கள். அந்த ரோசத்தில்தான் என் வாசப்படி மிதிக்காதே என்றேன். நீ சொன்னது நிஜம். என்னை மன்னிச்சிரு. இனி உனக்கு விவசாய யோசனை ஒன்றும் சொல்லமாட்டேன். அந்த விளையாட்டையும் இனித் தொடமாட்டேன்.

வருகிற ஆவணி பன்னிரண்டில் தேனியில் அனுசுயாவுக்குக் கல்யாணம். "ஒச்சாண்டி மாமா வந்து மாலை போட்டாத்தான் மணவறைக்கு வருவேன்"னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வந்துரு மாப்ளே. சீர்த்தட்டில் முட்டைக்கோஸ் வைத்துக் கொண்டுவந்தாலும் சரி, நான் தலைவணங்கி வாங்கிக்கொள்வேன்.

உன் கிணறு வற்றாமல், உன் வாழை சாயாமல், தேவயானி மனம் கோணாமல் நீடூழி இரு.

இப்படிக்கு,
உன் அக்கா புருசன்,
சு. ராஜமணி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அனுசுயா ஓர் உண்மையைச் சொன்னாள். அந்த விளையாட்டில் ஒரு பருவம் என்பது மூன்றே நாளாம்! நாம் வேண்டுமானால் முப்பது நாளாக மாற்றிக்கொள்ளலாமாம். மூன்று நாள் பருவத்தில் எந்த விஞ்ஞானியாலும் கோஸ் எடுக்க முடியாது. ஆகவே தவறு என் மீது இல்லை என்று நிரூபணமாகிறது. அந்த வருடம் குச்சனூரிலும் வெயில் வழக்கத்தைவிடக் கடுமையாக அடித்தது என்பதைத் தாங்கள் மறுக்க முடியாது. எனவே மேலே கேட்ட மன்னிப்பு இதன் மூலம் ரத்து செய்யப்படுகிறது. கல்யாண அழைப்பு ரத்து இல்லை.

கடிதத்தை ஒரு வாரம் ஒட்டாமல் வைத்துவிட்டு, முப்பது நாளாக மாற்றி ஒரு புது ஊர் ஆரம்பித்திருக்கிறேன். முதல் ஆளாக உன்னைத்தான் சேர்த்தேன். இந்தத் தடவை உனக்கு நான் ஒரு வேலையும் சொல்லவில்லை, நீயே பார்த்துச் செய்கிறாய். கோஸ் ஒவ்வொன்றும் குடம் அளவுக்கு வந்திருக்கிறது.