டிராகனுக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கிய விவரம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அக்காவின் முழங்கால் வலி தணிந்து, நீங்கள் இருவரும் மாடிப்படி ஏறி இறங்கும் அளவுக்கு நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அது மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் கோர்ட்டில் வாதாடியவர் என்பதால் முதலில் ஒரு சந்தேகம். குகையில் குவிந்து கிடக்கும் தங்கத்தின் மேல் ஒரு டிராகன் காலங்காலமாகப் படுத்திருந்தால், அந்தத் தங்கம் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? சிரிக்காதீர்கள். அக்காவுக்குப் படித்துக் காட்டவும் வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். கூடத்தில் என் மகள், அதாவது உங்கள் பல் டாக்டர் மருமகள், தன் சிநேகிதர்களோடு பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அடமானம் வைக்க ஒண்ணுமே இல்லையா?" என்றது ஒரு குரல். "என் வாள் இருக்கு" என்றாள் என் மகள். "குள்ளர் பேங்க்ல வட்டி தீட்டிடுவாங்க." "கடன் வாங்காம குகைக்குள்ள போனா செத்துருவோம்டி." நான் வங்கிக் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன், படுத்திருக்க முடியுமா? சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் வாளும் இல்லை, குகையும் இல்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பட்டை பட்டையாகச் சீவிய பகடைகளை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது விளையாட்டாம். ஒவ்வொருவரும் ஒரு வேஷமாம். மகள் வாள்வீராங்கனை. ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டையான பிசியோதெரபிஸ்ட் பையன் மந்திரவாதி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் டீச்சர் பெண் ஒருத்தி கதையைச் சொல்ல, மற்றவர்கள் அதற்குள் நடக்கிறார்கள்.

"இதுல யாரும்மா ஜெயிப்பாங்க?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க அங்கிள்."

"அப்ப எதுக்கு உருட்டுறீங்க?"

"நினைச்சது நடக்குமா நடக்காதான்னு பாக்க."

அது கொஞ்சம் புரிந்தது, எங்கள் வங்கியிலும் கடன் வசூல் அப்படித்தான் நடந்தது. அத்தோடு நான் உள்ளே போயிருக்க வேண்டும். "பேங்க் மேனேஜரா எனக்குப் பேச வரலடி" என்று டீச்சர் இழுக்க, "அப்பாவைக் கேளேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். அடுத்த நிமிடம் நான் குள்ளர் நகர வங்கியின் மேலாளர். என் மனைவி நாற்காலிக்கு மெத்தை வேறு கொண்டுவந்து போட்டாள்.

முதலில் ஒட்டகம் வந்தான். தொழில் என்ன என்றேன், மந்திரம் என்றான். மாத வருமானம் என்றேன், புதையல் கிடைத்தால் உண்டு என்றான். வயது முந்நூறைத் தாண்டிவிட்டதாம், எந்த வங்கி கொடுக்கும்? சரி, ஈடு என்ன என்றால், கண்ணுக்குத் தெரியாத போர்வை என்று வெறுங்கையை நீட்டுகிறான். நானும் வாங்கி மடித்து மேசையில் வைத்தேன், அத்தான். வைத்த பிறகுதான் தணிக்கைக்கு வருகிறவருக்கு இதை எப்படிக் காட்டுவது என்று வியர்த்தது. அதற்குள் என் மனைவி அதே இடத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டாள், நான் அவளைத் திட்ட, எதற்குத் திட்டுகிறேன் என்று அவளும் கேட்க, நானே சொம்பை எடுத்துத் தரையில் வைத்தேன்.

பிறகு மகள் வந்தாள். கவசம் வாங்கக் கடன் வேண்டும், டிராகனைக் கொன்று அதன் தங்கத்தில் திருப்பித் தருவேன் என்றாள். அடுத்தவர் சொத்தைக் காட்டிக் கடன் கேட்கிறாளே என்று யோசிக்கும்போதுதான் எனக்கு அந்த விபரீத எண்ணம் உதித்தது. இந்தக் கதை முழுவதிலும் யாரிடமும் கைநீட்டாமல், ஒரு பொட்டுத் தங்கத்தைக்கூடச் செலவழிக்காமல் இருப்பது யார்? டிராகன்தான். உடனே தூது அனுப்பி அதற்கு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கச் சொன்னேன். டீச்சர் பகடையை உருட்டிப் பார்த்து, "டிராகன் சம்மதிச்சிருச்சு அங்கிள்" என்றாள். அப்புறம் என் வாடிக்கையாளரைக் கொல்ல நானே கடன் கொடுப்பது எப்படி முறையாகும்? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மகள் என்னையே பார்த்தாள். "விளையாட்டுலகூட எனக்குத் தர மாட்டீங்களாப்பா?" என்றாள்.

ஒட்டகம் காரணமே இல்லாமல் பகடைகளை எண்ணத் தொடங்கினான். உங்களிடம் சொல்லவில்லை அத்தான், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கிளினிக் வைக்கிறேன், கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள் என்று அவள் கேட்டு மாதக்கணக்காகிறது. பார்க்கலாம் என்றேன். எங்கள் தொழிலில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று பொருள். என் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா?

கவசம் இல்லாமலே குகைக்குள் போனாள். என்ன வேகத்தில் போனாள் தெரியுமா, கூட வந்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாடிக்கையாளர் வாயைத் திறந்து ஒரே ஊது. மகள் உருட்டிய பகடையில் இருப்பதிலேயே சின்ன எண்ணான ஒன்று விழுந்தது. "செத்துட்டா" என்றாள் டீச்சர் மெதுவாக. மகள் "சரி, டீ போடுறேன்" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்படியில் உயிரோடு நின்று டீ போடுகிறவளை நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"ஏம்மா, இதுக்கு மேல்முறையீடு உண்டா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"உயிர் கொடுக்கிற வைத்தியர் ஒருத்தர் மலை மேல இருக்காரு. ஆனா தீட்டிடுவாரு அங்கிள்."

"பேங்க் கொடுக்கும்."

"ஈடு?" என்றான் ஒட்டகம். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் போர்வையைக் கிழித்திருப்பேன், எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "ஈடெல்லாம் வேண்டாம்" என்றேன். நான் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா அத்தான், அந்த வார்த்தையை?

மகள் டீத்தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். "வட்டி?" என்றாள்.

"அதை அப்புறம் பார்க்கலாம்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவள் முகம் இறுகியது. "இல்லம்மா, வட்டி கிடையாது. கிளினிக்குக்கும் நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்" என்றேன். அவள் தட்டை மேசையில் வைத்தாள். எல்லோருக்கும் டீ கொடுத்தாள், எனக்கு முதலில் கொடுத்தாள். உட்கார்ந்த பிறகு, "கவசமும் வேணும்ப்பா" என்றாள்.

மறுநாள் நிஜ வங்கிக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி கடன் எதற்கு என்று கேட்க, நான் கவசத்துக்கு என்று சொல்லிவிட்டேன். மகள் என் காலை மிதித்தாள். கையெழுத்துப் போட்டது கிளினிக்குக்கா, மலை மேல் இருக்கும் வைத்தியருக்கா என்று இரவில் குழம்புகிறேன். போதாக்குறைக்கு, மகள் உயிர் பிழைத்த செய்தி கேட்டு டிராகன் கணக்கை முடித்துக்கொண்டால் வங்கி தாங்குமா என்ற கவலை வேறு. ஆகவே நீங்களும் அக்காவும் வருகிற ஞாயிறு கட்டாயம் வந்து, இந்த வயதில் என்ன விளையாட்டு என்று எல்லோரையும் கண்டித்து, என் மேலாளர் பதவி ராஜினாமாவை ஏற்க வைத்து என்னைக் காப்பாற்ற வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு ஆசியையும் சேர்ப்பிக்கவும். எல்லோரும் குறைவின்றி நீடூழி வாழ்க.

அன்புடன்,
உங்கள் மச்சினன்

பின்குறிப்பு: வர வேண்டாம். மேலே எழுதியதை எழுதாததாகவே பாவிக்கவும். கவரை ஒட்டும்போது என் மனைவி வந்து, தானும் விளையாட்டில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். திருடி வேஷமாம். நான் கையெழுத்துப் போடப் போயிருந்த நேரத்தில் டீச்சரைப் போனில் பிடித்து குள்ளர் வங்கியின் பெட்டகத்தைத் துடைத்தெடுத்துவிட்டாளாம். எப்படி உள்ளே போனாய் என்றேன். "உங்களோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு, சாவியை எங்க வைப்பீங்கன்னு தெரியாதா?" என்கிறாள். இந்த நிலையில் மேலாளர் ராஜினாமா செய்வது முறையல்ல. தவிர, எடுத்த தங்கம் முழுவதையும் என் வங்கியிலேயே வைப்புநிதியாகப் போட வந்திருக்கிறாள். மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி கேட்டாள். கொடுத்துவிட்டேன்.