தோமி என்ன சொன்னாள்?

"அந்தக் காலர் தையல் தப்பு."

தெட்சுரோ இதைச் சொன்ன நேரம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஊறுகாய்க் கடைக்காரர் மகள் தோமி, ரயில் நிலையத்தில் கண்கலங்க நின்றுகொண்டிருந்தாள். வானொலி நிலையத்து என்ஜினியர் மொரியமா மூச்சிரைக்க ஓடி வந்து, அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான்கு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். அப்போது பார்த்துத்தான் காலர்.

"என்னது?" என்றாள் அவர் மனைவி இகுயோ.

"அந்த ஆளோட சட்டைக் காலர். கதை நடக்கறது போருக்கு முன்னால. அந்த மாதிரித் தையல் போடற மெஷின் போர் முடிஞ்ச அப்புறம்தான் வந்துச்சு."

"ஒரு பொண்ணோட வாழ்க்கையே அந்தரத்துல தொங்குது, உங்களுக்குத் தையலா முக்கியம்? மில்லுல முப்பத்தெட்டு வருஷம் துணியில குத்தம் கண்டுபிடிச்சது பத்தலையா? வீட்லயும் வந்து உக்காந்துக்கிட்டு காலர், கை, பொத்தான்! அந்தப் பையன் எவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கான், அவன் முகத்தைப் பாக்கத் தோணுதா உங்களுக்கு? நானாயிருந்தா..."

தோமியின் முகம் அப்படியே உறைந்து நின்றது. கீழே 'தொடரும்' என்று எழுத்து வந்தது.

"பாருங்க! முடிஞ்சே போச்சு! மொரியமா என்ன சொன்னார்னே கேக்கல. எல்லாம் உங்களாலதான்."

"நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்..."

"அந்த ஒரு வார்த்தைதான்!"

தெட்சுரோ தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். சண்டை வந்தால் அவருக்கு அதுதான் அடைக்கலம்.

இகுயோவின் ஆத்திரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகி இச்சினோமியாவுக்கு வந்த நாளிலிருந்து, காலை எட்டிலிருந்து எட்டேகால் வரை அவளுடைய நேரம். பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டி, புருஷனை மில்லுக்கு அனுப்பி, மிசோ சூப் பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், அந்தக் கால் மணி நேரம் அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு கதாநாயகி வருவாள். ஒருத்தி மருத்துவச்சி, ஒருத்தி விமானம் ஓட்டுவாள், ஒருத்தி கேக் செய்வாள். அத்தனை பேருக்கும் இகுயோ புத்தி சொல்லியிருக்கிறாள், அத்தனை மாமியார்களையும் திட்டியிருக்கிறாள். ஆளில்லாத வீடு, யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த வசந்தத்தில் தெட்சுரோ ஓய்வு பெற்றார். மில்லில் பூச்செண்டு கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முன்னால், இகுயோ உட்காரும் மெத்தைக்குப் பக்கத்தில், இன்னொரு மெத்தை போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது.

சாதாரணத் தொடராயிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இது தோமி. வருகிற வெள்ளிக்கிழமை தோமியின் அப்பா அவளைக் கூப்பிட்டு, "உனக்கு யாரைக் கட்டிக்கணும்?" என்று கேட்கப் போகிறார். பத்திரிகையிலேயே போட்டுவிட்டார்கள். மொரியமாவா, அல்லது கடையில் முள்ளங்கி ஊறப் போடுகிற யாசுகிச்சியா? இகுயோவுக்கும் அந்தக் காலத்தில் இரண்டு வரன் வந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. "மில்லுக்காரன் அதிகம் பேசாத ஆளு, அதுவே நல்லது" என்று அப்பா முடித்துவிட்டார். தோமி தன் வாயால் சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று இகுயோவுக்கு அப்படி ஒரு தவிப்பு. ராத்திரி தூக்கம்கூடச் சரியாக வரவில்லை.

"திங்கக்கிழமையிலிருந்து நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டாள்.

தெட்சுரோ சொன்ன சொல் தவறாதவர். திங்கட்கிழமை வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய், திரையில் தோமியின் சமையல் அங்கியில் ஒரு விரலை வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

விரல் அங்கியின் ஓரத்தைக் காட்டியது. பிறகு பொத்தானைக் காட்டியது.

"தள்ளுங்க! தோமி மூஞ்சியே தெரியல. வாயை மூடச் சொன்னா கையைத் திறக்கறீங்களே! வாயாவது தேவலாம், சத்தத்தோட போகும். இது ஆளையே மறைக்குது. உங்க அம்மா உங்களை..."

'தொடரும்' என்று வந்தது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு யோசனை. இதே தொடரைச் செயற்கைக்கோள் சேனலில் அரை மணி முன்னாலேயே போடுகிறார்கள். தெட்சுரோ குளியலறையில் முகம் மழிக்கும் நேரம். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் பார்த்தாள். யாசுகிச்சி ஊறுகாய்ப் பீப்பாய் மேல் வைக்கும் கல்லைக் காலில் போட்டுக்கொண்டான். இகுயோ தனியாகச் சிரித்தாள், தனியாகப் பதறினாள். அமிர்தமாக இருந்தது.

எட்டு மணிக்கு தெட்சுரோ வந்து உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இனி என்ன கவலை? நல்ல மனசோடு உதவி செய்தாள்.

"இப்ப பாருங்க, யாசுகிச்சி கல்லைக் கால்ல போட்டுக்குவான்."

"சொல்லாதே."

"இல்லைங்க, பெரிசா ஒண்ணுமில்ல. ரத்தம் வராது. ஆனா தோமி ஓடி வந்து கட்டுப் போடுவா பாருங்க, அங்கதான் மொரியமா பாத்துடுவார். நீங்க கதவுப் பக்கம் பாருங்க. அங்க இல்ல, இடது பக்கம்..."

 புதன்கிழமை ஏழரை மணிக்கே அவர், பாதி மழித்த முகத்தோடு, சோப்பு நுரை ஒழுக வந்து உட்கார்ந்துகொண்டார். அது முடிந்ததும் எழுந்திருக்கவும் இல்லை. எட்டு மணிக்கு மறுபடியும் பார்த்தார்.

"ஒரே கதையை எதுக்கு ரெண்டு தடவை?"

"ரெண்டு தடவை பாத்தா, விட்டுப்போனது ஏதாவது கிடைக்கும்ல?" என்றார். பிறகு, "யாசுகிச்சி கால்சட்டையில மடிப்பு தப்பு" என்றார்.

ஒரு வேளை இருந்த தலைவலி இரண்டு வேளை ஆனது.

வியாழக்கிழமை, முழங்காலுக்கு நல்லது, நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மிமோசா காபிக் கடைக்குப் போனாள். காலையில் காபி வாங்கினால் ரொட்டியும் அவித்த முட்டையும் சும்மா வரும். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல இச்சினோமியாவில் ஆள் கிடையாது. கூட்டம் நெரிந்தது. அத்தனையும் பெண்கள். நடுவில் அவளுடைய சிநேகிதி ஹிசாயோ, முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி! உன் வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆயிட்டாரா?" என்றாள் ஹிசாயோ.

"ஆமாம். இந்த வசந்தத்துல."

"இங்க எல்லாருக்கும் அதே நோய்தான். உக்காரு, உக்காரு."

கடை மாஸ்டர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பிரயோஜனம் இல்லை. பதினைந்து பெண்களும் பேசினார்கள்.

"கொஞ்சம் அமைதியா பாக்கலாமே" என்றாள் இகுயோ பணிவாக.

"பாத்துட்டுத்தானே இருக்கோம்! யாசுகிச்சியைப் பாரு, தங்கமான பையன்" என்றாள் ஹிசாயோ.

"யாசுகிச்சியா? முள்ளங்கி வாசனையோட ஆயுசு பூரா குடும்பம் நடத்தணுமா?" இகுயோவுக்கு வாய் நிற்கவில்லை.

"ரேடியோக்காரன் மட்டும் என்ன ஒசத்தி? அவன் கண்ணே சரியில்ல. அவன் ஓடிப் போயிடுவான், எழுதி வெச்சுக்கோ."

"உனக்கு ஆம்பளைங்களை எடை போடத் தெரியும்னா நீ ஏன் உங்க வீட்டுக்காரரைக் கட்டிக்கிட்டே?"

கடை ஒரு நொடி அமைதியானது. வந்ததிலிருந்து அந்த ஒரு நொடிதான். தொலைக்காட்சியில் 'தொடரும்' என்று வந்தது. ஹிசாயோ பாதி உரித்த முட்டையை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த மாதம் தெருவில் குப்பையைச் சரிபார்க்கும் முறை ஹிசாயோவுடையது. இகுயோ வீட்டுக்குத் திரும்பியபோது, அவள் காலையில் வைத்த குப்பைப் பை மட்டும் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு தெருமுனையில் அநாதையாக நின்றது. ஒரு தயிர் டப்பாவைக் கழுவாமல் போட்டுவிட்டாளாம். தெருவே பார்க்க, பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிநேகிதி போனாள், மானம் போனது, தொடரும் போனது.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார் தெட்சுரோ.

அவள் பையைப் பிரித்துத் தயிர் டப்பாவைக் கழுவப் போனாள்.

ஆக, வெள்ளிக்கிழமைக்கு வீடுதான் கதி. பதிவு செய்யலாம் என்றால், பதிவுப் பெட்டி முழுக்க அவருடைய பேஸ்பால் ஆட்டங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மதியம் மறுஒளிபரப்பு உண்டு. ஆனால் அந்த நேரம் அவள் வேலை பார்க்கும் மதியச் சாப்பாட்டுக் கடையில் உருளைக்கிழங்கு கொரோக்கே பொரித்துக்கொண்டிருப்பாள். செயற்கைக்கோள் சேனலில் அன்று ஏழரைக்கு ஏதோ சிறப்பு நிகழ்ச்சி, தொடர் இல்லை. எப்படிப் பார்த்தாலும் எட்டு மணியை விட்டால் கிடையாது.

காலையில் அவருக்குப் பிடித்த மாதிரி மீன் வாட்டிக் கொடுத்தாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். காலர் வேண்டாம், பொத்தான் வேண்டாம், விரல் வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன்."

தெட்சுரோ அவளை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை முகமூடியை எடுத்து வாயில் கட்டிக்கொண்டார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இகுயோவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நல்ல மனுஷன்தான்.

தொடர் தொடங்கியது. அப்பா தோமியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். கடைக்கு வெளியே மழை. இகுயோ மெத்தையின் நுனிக்கு நகர்ந்தாள்.

"அப்படித்தான், அசையாதீங்க" என்றாள். "ரொம்ப நல்லாயிருக்கு. இப்படி முதல் நாளே இருந்திருந்தா நமக்குள்ள இந்தச் சண்டையே வந்திருக்காது. மூச்சு முட்டுதா? முட்டினா தலையை ஆட்டுங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான். பாவம், வேர்க்குது பாருங்க..."

தோமி வாயைத் திறந்தாள், மூடினாள். அப்பாவின் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்து உடைந்தது. 'தொடரும்.'

இகுயோ திரையையே பார்த்தாள்.

"தோமி என்னங்க சொன்னா?"

தெட்சுரோ முகமூடியைக் கீழே இழுத்தார். "கேக்கல."

"பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க! அவ யார் பேரையோ சொன்னாளே!"

"எனக்குக் கேக்கல."

"அப்ப உங்களுக்குக் காதுல ஏதோ கோளாறு. திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம். ஒண்ணும் பேசக்கூடாது."

"காது நல்லாத்தான் இருக்கு" என்றார் தெட்சுரோ. கோப்பையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

சாப்பாட்டுக் கடையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாராவது சொல்லிக் கேட்டால் அது ஆகுமா? தோமியின் குரலில் கேட்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். கொரோக்கே எல்லாம் நிலக்கரி நிறத்துக்கு வந்துவிட்டது.

"அக்கா! இது என்ன, அடுப்பெரிக்கவா?" என்று முதலாளி ஓடி வந்தார். "உங்களுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?"

"ஒரு கால் மணி நேரம் விடுங்க முதலாளி. உயிர் போற காரியம்."

"போயிட்டு வாங்க. நீங்க இங்க இருந்தா கடையே எரிஞ்சு போயிடும்."

வீட்டுக்கு சைக்கிளில் போக நேரமில்லை. அங்கியைக்கூடக் கழற்றாமல், நான்கு கடை தள்ளி இருந்த மிமோசாவுக்கு ஓடினாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்றுக் காலையில் சந்தை மாதிரி இருந்த கடை, கோயில் மாதிரி இருந்தது. இந்த முறை ஒரு பெண்கூட இல்லை. வயதான ஆண்கள் வரிசையாகத் தொலைக்காட்சியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மூச்சு விடவில்லை. கரண்டிச் சத்தம் இல்லை. ஒருவர் அழுதுகொண்டே சூடான ஈரத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டரைக் காணோம், மதிய நேரத்துக்கு வேலைக்கு வரும் ஒரு பெண் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

திரையில் மழை பெய்தது. "தோமி, உனக்கு யாரைக் கட்டிக்கணும்?" என்று அப்பா கேட்டார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. தோமி தலையை நிமிர்த்தினாள்.

அப்போதுதான் இகுயோ முன்வரிசையில் அந்தத் தொப்பியைப் பார்த்தாள். பழுப்பு நிறத் தொப்பி. போன பிறந்தநாளுக்கு அவளே வாங்கிக் கொடுத்தது. தினமும் மதியம் நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் போட்டுக்கொண்டு போகிற தொப்பி.

"ஏங்க!" என்று கத்திவிட்டாள். "நூலகம்னு சொல்லிட்டு இங்க வந்து என்ன பண்றீங்க?"

"ஸ்ஸ்ஸ்!" என்று கடை முழுக்கத் திரும்பியது. திரையில் கோப்பை விழுந்து உடைந்தது. 'தொடரும்' என்று வந்தது. கிழவர்கள் எல்லோரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். அந்தத் தொப்பி மட்டும் திரும்பவில்லை. மெல்லத் தோளுக்குள் இறங்கியது.

பரிமாறும் பெண் ஓடி வந்து இகுயோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! முன்னால இருக்கற அந்தத் தொப்பிக்காரரு பாவம்... வீட்ல அவர் சம்சாரம் ஆரம்பிச்சதிலிருந்து முடியற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பாங்களாம், ஒரு வசனம் காதுல விழாதாம். வேற வழியில்லாம சட்டைத் தையலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாராம்!"