ஷிப்டக்காவின் டம்ளரும் ஸ்பூனும்

அழுகிறவர்கள் அத்தனை பேரையும், அது பிறந்து நாலே மாதமான கைக்குழந்தையாக இருந்தாலும் சரி, லீவு கேட்டு வந்த ஆசாமி என்று சந்தேகப்பட்ட ஒரே நர்ஸ் இந்தப் பூமியில் எங்கள் ஷிப்டக்காதான். அவருடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

1991. ஒரகடம் போகிற சாலையில், ஏரிக்கரை ஓரமாக ஓர் ஆஸ்பத்திரி. ஏற்கெனவே நர்ஸாகப் பதிவு செய்தவர்களைக் குழந்தைகள் நர்ஸாக மாற்றுகிற ஒரு வருடப் படிப்பு அங்கே நடந்தது. ஒன்பது பேர் சேர்ந்தோம். எட்டுப் பேர் பெண்கள். மிச்சம் நான். ஆண் நர்ஸை ஆஸ்பத்திரியில் ‘பிரதர்’ என்பார்கள். அதற்கு முன் நாலு வருடம் எலும்பு முறிவு வார்டில் லாரி டிரைவர்களின் தொடைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன். ஆள் சின்னதானால் வேலையும் சின்னதாக இருக்கும் என்று நம்பித்தான் விண்ணப்பம் போட்டேன்.

முதல் நாளே நம்பிக்கை போய்விட்டது. ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். என் கை நடுங்கிய நடுக்கத்தில் பொம்மையின் தலை கழன்று வாளிக்குள் போனது. ‘ஐயோ’ என்று கத்தியவன் நான் மட்டுமே. பக்கத்து வாளியில் பொம்மைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த நாற்பது வயது அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னா பிரதரு, தல போனதுக்கே இந்தக் கத்து கத்துறே? அது கம்முனு தான கீது.”

அவர்தான் ஷிப்டக்கா. வடக்குப்பட்டுக்காரர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் பதினைந்து வருடம் உட்கார்ந்தவர். ஓவர்டைமுக்கு டிமிக்கி கொடுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனையும், நிஜமாகவே வயிறு வலித்து வருகிறவனையும் பிரிப்பதுதான் அங்கே வேலை. அதற்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது. எவர்சில்வர் டம்ளர், ஸ்பூன். நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று ‘டிங் டிங்’ என்று தட்டுவார். டீ வந்துவிட்டது என்று எவன் தலை திரும்புகிறதோ, அவனை வேலைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். திரும்பாதவனுக்கு ஆம்புலன்ஸ்.

இந்த வயதில் எதற்குக் குழந்தைகள் படிப்பு என்று கேட்டேன்.

“பொய் சொல்றவனுங்களயே பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு. பொய் சொல்லத் தெரியாதவன் யாராச்சும் கீறானான்னு பாக்க வந்தேன்” என்றார்.

வந்தாரே தவிர, பதினைந்து வருடப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. வார்டுக்குள் நுழைந்த முதல் நாள், வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் முன் இடுப்பில் கை வைத்து நின்று, “எந்த ஷிப்டுப்பா நீயி? காலீல நல்லாத்தான இருந்தே?” என்று விசாரித்தார். அதன் தாய் பயந்துபோய், “அவன் அப்பாதான், நர்ஸம்மா, ஷிப்டுக்குப் போறாரு” என்று சொல்லிவிட்டார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு ஷிப்டக்காவையே பார்த்தது. பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் எழுதிய குறிப்பேடுகளை ஆஸ்பத்திரி பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். ‘புகார்: அழுகை. நம்பும்படியாக இல்லை.’ ‘ஊசியைக் காட்டியதும் குணம்.’ ‘தாயைக் கண்டதும் நோய் அதிகரித்தது.’ இதையெல்லாம் படித்த, எங்களுக்குப் பாடம் எடுத்த டியூட்டர் மேடத்துக்குத்தான் தலைவலி வந்தது. அது மட்டும் நிஜம் என்று ஷிப்டக்கா ஒப்புக்கொண்டார்.

மேடம் ஒருநாள் எங்கள் எல்லார் முன்னிலையிலும் டம்ளரையும் ஸ்பூனையும் பறிமுதல் செய்து தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இது குழந்தைகள் வார்டு, கம்பெனி கேன்டீன் இல்லை, இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டால் படிப்பை விட்டு நேராக வீட்டுக்குப் போகலாம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஷிப்டக்கா தலையை ஆட்டினார். கம்பெனியில் அவர் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போக இடமில்லை. அடுத்த பத்து நாள் அவர் எந்தக் குழந்தையையும் சந்தேகப்படவில்லை. பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

அந்த வார்டின் பிற்பகல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஏரி. தண்ணீரில் பட்ட வெயில் உள்ளே வந்து கூரையில் மெல்ல அசையும். கட்டில் கம்பிகளில் தாய்மார்கள் கட்டிய சேலைத் தூளிகள், நீலமும் மஞ்சளும் கிளிப்பச்சையுமாக, மின்விசிறிக் காற்றில் ஒரு பக்கமாக ஒதுங்கி மறுபடி திரும்பும். வார்டே ஏரியின் அடியில் இருப்பதாகவும், நாங்கள் எல்லாரும் மீன்கள் மாதிரி அதற்குள் நீந்திக்கொண்டிருப்பதாகவும் தோன்றும். எலும்பு முறிவு வார்டில் எனக்கு இப்படியெல்லாம் தோன்றியதே இல்லை.

அப்படி ஒரு பிற்பகலில் ஆறு கட்டில்களை என் பொறுப்பில் விட்டார்கள். ஐந்து குழந்தைகள் ஐந்து சுருதியில் அழுதன. எனக்குக் காது அடைத்தது. ஆறாவது, சேரப்பணஞ்சேரியிலிருந்து வயிற்றுப்போக்கோடு வந்திருந்த எட்டு மாதப் பையன். அவன் மட்டும் சத்தமே இல்லாமல் கிடந்தான். அவன் அம்மா நீராகாரம் வாங்கப் போயிருந்தார். எங்கள் பழைய வார்டில் சத்தம் போடாத நோயாளிதான் உத்தம நோயாளி. அவனை மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, குறிப்பேட்டில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: ‘நிம்மதியாக உறங்குகிறான்.’

இரண்டு மணிக்கு ஷிப்டக்கா ட்யூட்டிக்கு வந்தார். ஐந்து அழுகைகளையும் காதில் வாங்கியபடி நடந்தவர், ஆறாவது கட்டிலில் நின்றுவிட்டார். நான் எழுதியதைப் படித்தார். பையனைப் பார்த்தார். அவன் கண் பாதி திறந்திருந்தது. அவர் வாசற்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே மேடத்தின் அறை. பிறகு யாரோ ஒரு தாய் வைத்திருந்த டம்ளரை எடுத்து, பால் புகட்டுகிற கரண்டியால் தட்டினார்.

டிங். டிங்.

ஐந்து அழுகைகளும் சட்டென்று நின்று, ஐந்து தலைகள் திரும்பின. ஆறாவது தலை திரும்பவில்லை.

“பிரதரு. இவன் நடிக்கல.”

வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. தூங்கவில்லை, உடம்பில் நீர் வற்றி மயங்கிக் கிடக்கிறான். டாக்டரைக் கூட்டி வரச் சொன்னார்.

நான் ஓடினேன். என்ன வேகம் என்கிறீர்கள். ஆனால் பதற்றத்தில் சலவை அறைக்கு ஓடியிருந்தேன். அங்கிருந்து இரண்டு போர்வைகளோடு திரும்பி வந்தபோது, டம்ளர் சத்தத்துக்குக் கோபமாகக் கிளம்பி வந்த மேடம் கட்டிலருகே நின்றிருந்தார். கோபத்தை அப்படியே விழுங்கிவிட்டு, டாக்டரைக் கூப்பிட அவரே ஓடினார்.

டாக்டர் வந்து, டிரிப் ஏற்றத் தலையில் நரம்பு தேடினார். ஊசி ஏறும் வரை தலை இம்மியும் அசையக் கூடாது. “போர்வையக் கீழ போட்டுட்டு புடி பிரதரு. லாரி டிரைவர் தொடைனு நென்ச்சிக்க” என்றார் ஷிப்டக்கா. பிடித்தேன். என் உள்ளங்கைக்குள் அந்தத் தலை முழுவதும் அடங்கியது. அன்று என் உடம்பில் நடுங்காத பாகம் அந்த இரண்டு கைகள்தான்.

சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியது. பையனின் அம்மா என் குறிப்பேட்டைப் படிக்கத் தெரியாதவர். அது என் அதிர்ஷ்டம், ஆனால் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டபோது அதிர்ஷ்டமாகத் தெரியவில்லை. கூரையில் ஏரி வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, மங்கத் தொடங்கிய நேரத்தில் பையன் உதட்டைப் பிதுக்கினான். முகம் கோணியது. அப்புறம் வார்டே அதிரும்படி வீறிட்டான்.

ஷிப்டக்கா ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தார். முந்தானையால் முகம் துடைத்தார்.

“வந்துட்டான்யா ட்யூட்டிக்கு.”

மறுநாள் காலை மருந்து மேஜையில், தெர்மாமீட்டர் புட்டிக்குப் பக்கத்தில், மேடம் பூட்டி வைத்திருந்த அதே எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

நான் அந்தப் படிப்பை எப்படியோ முடித்து, இன்றுவரை குழந்தைகள் வார்டில்தான் இருக்கிறேன். சுற்றிலும் கூச்சலாக இருந்தால் நிம்மதியாக டீ குடிப்பேன். ஏதாவது ஒரு கட்டில் அமைதியாக இருந்தால் டீயைப் பாதியில் வைத்துவிடுவேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தட்டுவேன். தலை திரும்பியதும் “வந்துட்டான்யா ட்யூட்டிக்கு” என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். சொல்வது நான்தான், ஆனால் குரல் வடக்குப்பட்டுக் குரலாகவே கேட்கிறது.