லிப்டில் நடந்த பொதுக்கூட்டம்

பினாங்குத் தீவில் மாஸ்டர் பிளான் சாருக்குத் திருப்தியான இடம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கடற்கரைக்கு அழைத்துப் போனால், கடல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்பார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் நகரத் திட்டமிடல் சொல்லிக்கொடுக்கிறவர். டத்தோ கிராமாட்டில் எங்கள் பதினாறு மாடிக் கட்டடத்தில், என் வீட்டுக்கு நேர் மேலே குடியிருக்கிறார். அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர், சாப்பாட்டு மேஜையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனார்.

"ரெண்டு பக்கமும் ஜனங்க மோதிக்கிறாங்க தம்பி. ஒன் வே ஆக்கிடலாம்."

ஆக்கினார். சோற்றில் தொடங்கிப் பாயசத்தில் முடிகிற ஒருவழிப் பாதை. நெரிசல் நின்றது உண்மைதான். ஆனால் மறுபடி சாம்பார் வேண்டியவர் மேடையைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். மோதிரம் மாற்றுகிற படம் ஒவ்வொன்றிலும் எங்கள் பெரியப்பா கையில் தட்டோடு நிற்கிறார். தங்கை மாமியார் வீட்டில் இன்னும் அவரைத்தான் முக்கியமான சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சில நாள் வகுப்பையே எங்கள் கட்டடத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஒருவன் தோளில் அரிசி மூட்டை. ஒருத்தி இடுப்பில் மூன்றாம் மாடியில் இரவல் வாங்கிய குழந்தை. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் நடக்க வேண்டும், அதுதான் பரீட்சை.

"டிகிரி படிக்க வந்தோமா, மூட்ட தூக்க வந்தோமா சார்?" என்று ஒரு பையன் மூச்சு வாங்கினான்.

"இந்த வழிய வரைஞ்சவன் ஒரு தடவ மூட்ட தூக்கியிருந்தா, இங்க படி வச்சிருக்க மாட்டான் லா," என்றார் சார். குழந்தை மட்டும் எல்லாப் பரீட்சையிலும் தூங்கிக்கொண்டே தேறியது.

இப்படிப்பட்டவர் இருக்கிற இடத்தில்தான் மல்லிகா அக்கா விவகாரம் வந்தது. கட்டடத்தை ஒட்டி ஒரு காலி மனை. அதன் நடுவில் அக்காவின் அப்பம், தோசைக் கடை. கட்டடத்தில் பாதிப் பேர் அங்கேதான் பசியாறுவோம். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள், அந்தக் கல்லில் ஊற்றுகிற மாவில்தான் வீடே ஓடுகிறது. கட்டட நிர்வாகக் குழு ஒருநாள் கூடி, மனை முழுக்கக் கார் நிறுத்தக் கோடு போடப்போவதாக அறிவித்தது. கடையைக் காலி செய்யும்படி தலைவரே நேரில் வந்து சொன்னார். இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னார்.

சாருக்கு ஆவேசம் வந்துவிட்டது. குடியிருக்கிறவர்களைக் கேட்காமல் ஒரு கோடு போடக்கூடாது என்று பொதுக்கூட்டம் கூட்டினார். அவர், நான், மல்லிகா அக்கா, மண்டபத்துக் காற்றாடியைப் பழுதுபார்க்க வந்தவர் என்று பெருந்திரளாகக் கூடினோம்.

மறுநாள் காலை லிப்டு கதவு திறந்ததும் திடுக்கிட்டேன். உள்ளே சுவரில் மனையின் வரைபடம் ஒட்டியிருந்தது. அதன் கீழே மடக்கு நாற்காலியில் சார்.

"வாங்க தம்பி. கதவு மூடட்டும், பேசுவோம்."

"சார், வேலைக்கு லேட்டாச்சு."

"அதான் சுருக்கமா கேக்குறேன். கட எங்க இருக்கணும், காடி எங்க நிக்கணும்?"

எங்கள் லிப்டு ஒவ்வொரு மாடியிலும் பெருமூச்சு விட்டு இறங்குகிற ரகம். அதற்குள் ஒரு மாநாடே நடத்தலாம். தப்பி ஓடவும் வழியில்லை. பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் நிழல் வேண்டும் என்றார். வருடக்கணக்கில் என்னிடம் சிரிப்போடு நிறுத்திக்கொண்ட ஒன்பதாம் மாடிச் சீனத்து ஆன்ட்டி, கடை இருக்கட்டும், சட்னியில் காரத்தைக் குறைக்கட்டும் என்று தெளிவாகப் பேசினார். ஒருநாள் கரண்டு போய், தலைவரும் சாரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கதவு திறந்தபோது தலைவர் சட்டையெல்லாம் வியர்வை. கடைக்குப் பின்மூலையை ஒதுக்கச் சம்மதித்துவிட்டார். சார்தான் லிப்டை நிறுத்துகிற பொத்தானை அமுக்கியிருப்பார் என்று இன்றைக்கும் பேச்சு இருக்கிறது.

"கரண்டு தானா போச்சு தம்பி. கெடச்ச நேரத்த விட்டுட்டு நா சும்மா நிக்க முடியுமா?"

முடிவெடுக்கிற கூட்டத்துக்கு இந்த முறை மண்டபம் நிறைந்தது. தலைவர் திட்டத்தைப் படித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து முதல் மாடிக்காரர்கள் மொத்தமாக எழுந்தார்கள். முன்னால் பார்வதி அக்கா.

"பின்மூலைன்னா எங்க ஜன்னலுக்கு நேர் கீழ. வீட்டுல இளைப்பு வர்ற புள்ள இருக்கு. அங்க அடுப்பு போடறதப் பத்தி எங்கள யாரு கேட்டா?"

"எல்லாரையும் கேட்டேனே லா," என்றார் சார். "நீங்க யாரும் லிப்டுல வரலியா?"

"மொத மாடிக்கு எதுக்கு சார் லிப்டு?"

மண்டபம் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. காலமெல்லாம் மக்களைக் கேளுங்கள் என்று பாடம் நடத்தியவர், புகை போகிற வீட்டைக் கேட்காமல் விட்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இதுதான் சமயம் என்று, முழு மனையையும் காருக்கே விட்டுவிடலாம் என்றார் தலைவர்.

"விடுங்க சார். நா வேற எடம் பாத்துக்குறேன்," என்றார் மல்லிகா அக்கா. வேறு இடம் கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"தப்பு என்னோடது. ஒரே ஒரு நாள் குடுங்க," என்று கேட்டு வாங்கினார் சார்.

மறுநாள் மடக்கு நாற்காலி முதல் மாடிப் படிக்கட்டில் இருந்தது. மல்லிகா அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். முழங்கால் வலியோடு வீடு வீடாகக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினார்.

"கட வேணாங்கல சார், பொக வேணாம்," என்றார் பார்வதி அக்கா. "பொக ரோட்டுப் பக்கம் போனா எனக்கென்ன வந்துச்சு?" அவர் விரல் வரைபடத்தில் மனை வாசல் பக்கத்து மரத்தடியில் நின்றது. மல்லிகா அக்காவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவர்களும் அங்கேயே விரலை வைத்தார்கள்.

அந்த மரத்தடியில் பல வருடமாக ஒரு பழைய நீலக் கார் நிற்கிறது. சாருடையது. அந்த நிழல் ஒன்றைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் கருத்துக் கேட்டதில்லை.

சார் சட்டைப்பையில் சாவியைத் தேடினார். "நல்ல எடம்தான். எங்கிட்ட யாரும் கேக்கல, அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

நிர்வாகக் குழுவும் தலையாட்ட, கடை இப்போது மரத்தடியில் நன்றாக நடக்கிறது. மற்ற இடமெல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டதால், சாரின் கார் இரண்டு தெரு தள்ளி வெயிலில் நிற்கிறது. போன வாரம் ஒரு மழை நாளில், கல்லூரியிலிருந்து திரும்பி, காரை அங்கே விட்டுவிட்டுத் தொப்பலாக நனைந்து கடையில் வந்து நின்றார். மல்லிகா அக்கா துண்டை நீட்டி, "நா கொஞ்சம் தள்ளிக்கிறேன் சார், காடிய இங்கயே போடுங்க," என்றார்.

"ஒரு அடி நகந்தாலும் ஜனங்க வர்ற வழி கெட்டுப்போயிடும்மா," என்று தலையைத் துவட்டிக்கொண்டே மறுத்துவிட்டார்.

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். சாயங்காலம் வானம் இருட்டினால், இப்போதெல்லாம் நான் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த இரண்டாவது தெருவுக்குப் போய் நிற்கிறேன்.